ஓரம் தேய்க்கிற வேலை

பெல்ட் கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் பக்கிளைப் பார்ப்பார்கள், அடுத்து விலைச் சீட்டை. நான் பெல்ட்டை வளைத்துப் பிடித்து ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பேன். கடைப் பையன் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும். முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் ஜோடித்துவிடலாம். அச்சு அழுத்தலாம், சாயம் அடிக்கலாம், பிளாஸ்டிக் படலம்கூட ஒட்டலாம். ஓரத்தில் அந்த ஜாலமெல்லாம் செல்லாது, அது தோலின் குறுக்குவெட்டு. என்ன தோல், எத்தனை அடுக்கு, நடுவே அட்டையைச் செருகியிருக்கிறார்களா, செய்தவருக்குப் பொறுமை இருந்ததா என்று எல்லாமே அந்த மூன்று நான்கு மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். பாதிப் பெல்ட்டுகளின் ஓரத்தைக் கெட்டியான கறுப்புப் பெயிண்ட் மூடியிருப்பதற்குக் காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் உட்கார்ந்து தோல் வேலை பழகுகிறவர்களுக்குத் தையல் சீக்கிரம் வசப்பட்டுவிடுகிறது. ஓரம்தான் படுத்துகிறது. நார் நாராக நிற்கிறது, தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு கிளம்புகிறது, காய்ந்ததும் சொரசொரப்பு திரும்ப வந்துவிடுகிறது. உடனே கேள்வி, "என்ன தடவுறீங்க? எந்த டப்பா?" டப்பா கடைசியில் வருகிற விஷயம். ஓரம் படியுமா படியாதா என்பதில் முக்கால்வாசி, அந்தத் தோல் எந்தத் தொட்டியில் எதில் ஊறியது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பங்கு கத்திக்கும் உப்புத்தாளுக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் இணையத்தில் டப்பா மேல் டப்பாவாக வாங்கி அடுக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நார்ப் பின்னல். மயிர்க்கால் இருக்கும் மேல்பக்கத்தில் நார்கள் மெலிந்து நெருக்கமாக இருக்கும். கீழே வர வரப் பருத்து, சதைப் பக்கத்தில் தளர்ந்துவிடும். கத்தி போட்டதும் அத்தனை நார்களின் முனைகளும் வெளியே வந்துவிடுகின்றன. மேல்பரப்பில் தெளித்த தண்ணீர் உருண்டு ஓடலாம். ஓரத்தில் பட்ட தண்ணீரை நார்கள் உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர் வியர்வைக்குச் சொல்லவே வேண்டாம். வெட்டி அப்படியே விட்ட பெல்ட் ஒரு கோடைக்குள் ஓரம் ஊதி, அடுக்குகளாக ஒட்டியதாக இருந்தால் வாய் பிளந்தும்விடும். இந்த நார் முனைகளை அமுக்கி, ஒன்றோடொன்று படியவைத்து, வாசலை அடைப்பதுதான் ஓரம் தேய்ப்பதன் நோக்கம். பளபளப்பு கூட வருகிற லாபம்.

நார் படிவதற்கு அது இளக வேண்டும். மரப்பட்டையும் காயும் தருகிற துவர்ப்புச் சத்தில், அதாவது டானினில், பதனிட்ட தோலை ஈரப்படுத்திச் சூடு கிளம்பத் தேய்த்தால் நார்கள் இளகிக்கொடுக்கும். அழுத்திய வாக்கில் படியும், காய்ந்ததும் அப்படியே இறுகும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலிடம் இந்தப் பாச்சா பலிக்காது. குரோமியம் நார்களை உறுதியாகப் பிணைத்துவிடுகிறது. நன்றாகப் பதனிட்ட குரோம் தோலைக் கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்தாலும் சுருங்காது. ஆலைகளில் பதம் பார்ப்பதே இப்படித்தான், 'பாயில் டெஸ்ட்' என்பார்கள். பட்டையில் பதனிட்ட தோலோ ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே சுருண்டுவிடும். கொதிநீருக்கே மசியாத தோல் உங்கள் மரக்கட்டைக்கா மசியப்போகிறது? அமுக்கினால் அமுங்கும், கையை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டுமே தமிழ்நாட்டில் வேர் விட்ட தொழில்கள். ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் இங்கிருந்து கப்பலேறிய தோல் ஆவாரம்பட்டையிலும் கொன்றைப்பட்டையிலும் பதனிட்டது. கடைசியில் கடுக்காய் ஊறிய தண்ணீரில் ஒரு முழுக்கு உண்டு. ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும், கடுக்காய் அதை மட்டுப்படுத்தும். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் இந்தத் தொழில் நிலைத்திருந்தது. 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்று பிடுங்கித் தீராமல் நிற்கிற சீகை மரங்களை மலையேற்றிய காரணங்களில் தோல் பதனிடும் தொழிலும் ஒன்று. குரோம் முறையைச் சென்னைக்குக் கொண்டுவர 1900-களின் தொடக்கத்தில் முனைந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்த குரோம் தோல் ஆலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். பட்டைத் தோல் என்றால் மாசே இல்லாதது என்று சில விளம்பரங்கள் பேசுகின்றன. தோல் கழிவு இறங்கிய திண்டுக்கல் கிணறுகளைக் கண்டவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஓரத்துக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் இங்கே பட்டைத் தோலுக்குக் கொடி பிடிக்கிறேன்.

பெரியமேட்டில் கடை கடையாக அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி குரோம் தோல்தான். ஷூவின் மேல்தோலுக்கும் ஜாக்கெட்டுக்கும் பைக்கும் அதுதான் தோது. மென்மையானது, நனைந்தாலும் தாங்கும், எந்த நிறமும் ஏறும். அதில் பெல்ட் ஓரம் தேய்க்க நினைப்பதுதான் வம்பு. பட்டைத் தோலை 'வெஜ் டேன்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

"வெஜ் டேன் இருக்கா பாய்?"

"இருக்கு சார். எதுக்கு, பெல்ட்டுக்கா? எத்தன எம்.எம்.?"

"மூணரை. எருமையா, மாடா?"

"எருமதான். கான்பூர் மாலு."

கடைக்காரர் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், மூலையில் ஒரு கீற்று வெட்டிப் பார்க்க விடுவார்கள். குறுக்கே நறுக்கிய இடத்தில் நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் அது குரோம். மேலே எதுவும் பூசாத பட்டைத் தோல் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரை உடனே குடித்து அந்த இடம் கறுக்கும். கொளுத்திப் பார்க்கிற வழக்கமும் உண்டு, குரோம் தோலின் சாம்பல் பச்சையடிக்கும். ஆனால் அந்தப் புகை மூக்குக்குள் போக வேண்டிய பொருள் இல்லை, நான் அதைச் செய்வதில்லை. என் சோதனை வேறு. வினிகரில் துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் ஊறப்போட்டு வடித்த தண்ணீர் ஒரு சின்னக் குப்பியில் என்னிடம் எப்போதும் இருக்கும். அதில் ஒரு பொட்டு வைத்தால் பட்டைத் தோல் கண்ணெதிரே கறுத்துவிடும். குரோம் தோல் சும்மா ஈரமாகி நிற்கும்.

இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த துணியின் மேல் இரும்புத் துருவும் வெல்லமும் புளித்த கரைசலால் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே கணக்குதான். ஓரத்தைக் கறுப்பாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நிறம் மேலே உட்காராது, நாருக்குள்ளேயே பிறக்கும். தேய்த்தாலும் கையில் ஒட்டாது. பூசி முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டால் மிச்சப் புளிப்பு அடங்கும். இதே காரணத்தால், ஈரமான பட்டைத் தோலை இரும்பு அரம் மேலோ பட்டறைத் தகட்டின் மேலோ போட்டு வைத்தால் நீலக் கறுப்பாகக் கறை விழும், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது.

ஒரே தோலுக்குள்ளும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. முதுகிலும் பின்தொடைப் பக்கத்திலும் நார் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும், வெட்டிய ஓரத்தைக் கிள்ளினால் பிய்ந்து வரும். அதில் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கண்ணாடி வராது. விலை மலிவு என்று வயிற்றுத் துண்டு வாங்கினால் சாவிக்கொத்துக்கோ பைக்குள் வைக்கும் உள்தட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். எருமைத் தோலும் மாட்டுத் தோலைவிட நார் பருத்தது, தளர்ந்தது. பெல்ட்டாக உழைக்கும், ஆனால் ஓரத்துக்குக் கூடுதலாகக் கை வலிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இனி கத்தி. ஓரத்தின் தலைவிதியை எழுதுவது கத்திதான். செங்குத்தாக, ஒரே இழுப்பில் வெட்டினால் தேய்க்க வேலையே பாதிதான். தள்ளுகிற கத்தியின் மெல்லிய பிளேடு தடித்த தோலுக்குள் வளைந்து போகும். மேலே நேர்கோடாகத் தெரியும், கீழே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை உப்புத்தாளில் சரிக்கட்டப் போனால் பெல்ட்டின் அகலமே குறைந்துவிடும். தடித்த பிளேடுள்ள கத்தி வேண்டும், அதுவும் தீட்டிய கத்தி. இரண்டு அடுக்கு ஒட்டி ஓரம் தேய்க்கிற வேலை என்றால் ஒட்டிய பிறகு சேர்த்து ஒரு நூல் சீவிவிட வேண்டும், தனித்தனியாக வெட்டி ஒட்டினால் படி விழும். சொல்யூஷன் ஓரத்தின் விளிம்புவரை போயிருக்க வேண்டும். இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பக்குவத்துக்குக் காயவிட்டு, அழுத்தி, சுத்தியால் தட்ட வேண்டும். பளபளப்பான மேல்தோலின் மேல் ஒட்டுவதானால் அந்த இடத்தை முதலில் சுரண்டிவிட வேண்டும். ஒட்டாத கோடு ஒன்று இருந்தால் எத்தனை மெழுகு போட்டாலும் அது கோடாகவே தெரியும். பசை அதிகமானாலும் தொல்லைதான், உப்புத்தாள் சூட்டில் அது ரப்பர் உருண்டையாகத் திரண்டு வரும்.

பர்ஸ் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டு செருகும் இடத்தின் மேல்விளிம்பு போன்ற உள் ஓரங்களை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு கட்டை நுழையாது. வெளி ஓரம் தையலுக்குப் பிறகு.

அடுத்தது முனை சீவுதல். வெட்டிய ஓரத்துக்கு மேலும் கீழும் இரண்டு கூர்முனைகள் இருக்கின்றன. அவற்றை எடுக்காமல் தேய்த்தால் அழுத்தத்துக்கு அவை வெளியே பிதுங்கிக் குடை விரித்து நிற்கும். பெவலர் என்கிற சின்னக் கருவி அந்த முனையை நூலாகச் சீவி எடுக்கும். நன்றாகத் தீட்டியிருந்தால் சுருள் அறுந்துபோகாமல் பெல்ட் நீளத்துக்கு ஒரே இழையாக வரும். வேலையின் நடுவில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். மழுங்கியிருந்தால் தோலைக் கடித்துக் கடித்துப் போகும், சதைப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். இதைத் தீட்ட கல் உதவாது. தடித்த நூலில் பச்சை நிற மெருகுக் கட்டியைத் தடவி, கருவியின் குழிவுக்குள் நூலை ஓட்டி இழுக்க வேண்டும். புதிதாக வாங்கியதையும் இப்படி ஒருமுறை தீட்டாமல் தொடாதீர்கள். மூன்றரை மில்லிமீட்டர் தோலுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் தோலுக்கும் ஒரே பெவலர் சரிவராது. மெல்லிய தோலில் பெரிய பெவலரை ஓட்டினால் ஓரம் கத்தி முனையாகிவிடும்.

உப்புத்தாளில் நான் மூன்று ரகத்தோடு நிறுத்திக்கொள்வேன். 220-இல் மேடு பள்ளம் போகும், முனை உருளும். 400-இல் 220 போட்ட கீறல் போகும். 600-ஐ லேசான ஈரத்தில் ஓட்டுவேன். தாளைக் கையில் மடித்துப் பிடிக்காமல் ஒரு தட்டைக் கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விரல் அழுத்தும் இடமெல்லாம் குழியும். சிலர் 2000, 3000 என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாரை எவ்வளவு நுணுக்கமாக அராவினாலும் அது நார்தான், ஒட்டவைப்பது வேறு வேலை. சாயம் பூசுவதானால் இந்தக் கட்டத்தில் பூசிவிட வேண்டும். பிசின் போட்ட பிறகு சாயம் உள்ளே இறங்காது. பஞ்சு முனையை நன்றாகப் பிழிந்துவிட்டுத் தொட வேண்டும், இல்லையென்றால் சாயம் நார் வழியே ஏறி மேல்பக்கத்தில் பூத்துவிடும்.

இந்த உப்புத்தாள் பாடத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர் எங்கள் பகுதிப் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். தோல் அடி போட்ட ஷூ ஒன்றுக்குப் புது அடி போட்டு முடித்து, ஓரத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகத் தூள் விழுந்தது. கீழே தெரிந்த ஓரம் என் 400-ஐவிடச் சுத்தமாக இருந்தது.

"எமரி போட மாட்டீங்களாண்ணே?"

"எமரி போட்டா பஞ்சு கெளம்பும் சார். கண்ணாடி சீவிடும்."

"மழுங்கினா?"

"இன்னொண்ண ஒடச்சுக்க வேண்டியதுதான்."

பிறகு கறுப்பு மெழுகுக் கட்டியைத் தடவி, சூடேற்றிய இரும்பால் ஒரு இழுப்பு. முடிந்தது. உலகம் முழுக்கச் செருப்புத் தைத்தவர்கள் நெடுங்காலமாகச் செய்த முறை இது: சுரண்டு, மெழுகு, சூட்டிரும்பு. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உப்புத்தாள் நாரைப் பிராண்டுகிறது, கூரான கண்ணாடி விளிம்பு அறுக்கிறது. அதிலிருந்து நானும் தடித்த ஓரங்களுக்குத் தச்சர்களின் சுரண்டு தகட்டைக் கொஞ்சம் பயன்படுத்துகிறேன், கண்ணாடிக்குத் துணிச்சல் வரவில்லை. இதே வேலையைச் செய்தவர்களை நம் ஊர் எங்கே ஒதுக்கி வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று அது 'லெதர் கிராஃப்ட்' என்று பெயர் மாறி, என்னைப் போன்றவர்களின் வார இறுதிப் பொழுதாக, பட்டறை வகுப்புக்குக் கட்டணம் வாங்கும் கலையாக ஆகியிருக்கிறது. வகுப்பெடுக்க அந்தப் பெரியவரை யாரும் கூப்பிடுவதாகத் தெரியவில்லை.

இப்போது டப்பாவுக்கு வருவோம். மேலைநாடுகளில் தோல் வேலைக்காரர்கள் வெகுகாலமாகத் தடவி வந்தது டிராககாந்த் பிசின். ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் முட்செடியின் பால். மதுரை ஜிகர்தண்டாவில் ஊறிக் கிடக்கும் பாதாம் பிசினை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே மாதிரி தண்ணீர் குடித்து ஊதும் சரக்கு. சி.எம்.சி. என்பது செல்லுலோஸிலிருந்து செய்யும் தூள், தண்ணீரில் கரைத்தால் கஞ்சியாகும், விலையும் குறைவு. ஜப்பானில் செய்வா நிறுவனம் செய்யும் டோக்கோனோல் இப்போது எல்லோருடைய மேசையிலும் இருக்கிறது. உள்ளபடியே நல்ல சரக்கு, சீக்கிரம் மினுங்கும், சதைப் பக்கப் பஞ்சையும் அடக்கும். மூன்றில் எது சிறந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. மூன்றும் செய்வது ஒன்றே: இளகிய நார்களுக்கு இடையே மெல்லிய பசையாக நின்று, காய்ந்த பின் அவை எழாமல் பிடித்துக்கொள்வது. தண்ணீர் மட்டும் தொட்டுத் தேய்த்தாலும் நல்ல பட்டைத் தோல் முக்கால் தூரம் வந்துவிடும்.

தேய்ப்புக் கட்டைக்குக் கெட்டி மரம் வேண்டும். கருங்காலி பிரமாதமாக இருக்கும். ஆனால் கழுத்தில் மாலையாகப் போட்டால் ராசி வரும் என்று ஊரே கிளம்பிய பிறகு கருங்காலித் துண்டுக்கு வந்த கிராக்கியில் தோல் வேலைக்காரன் வாங்க முடியாது. ஈட்டித் துண்டு போதும். கடைசல் பட்டறையில் கொடுத்தால் உருட்டி, தோலின் தடிமனுக்கு ஏற்றபடி இரண்டு மூன்று பள்ளம் போட்டுத் தருவார்கள். பள்ளத்தின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கட்டையே சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒரு உப்புத்தாள்தான்.

தேய்க்கிறபோது பார்க்க வேண்டியது ஈரம். விரலால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், அழுத்தினால் தண்ணீர் கசியக்கூடாது. அதிகம் நனைந்தால் ஓரம் களிமண்ணாகிக் கட்டை போன பக்கமெல்லாம் நெளியும். பிசினை விரல்நுனியில் தொட்டு ஓரத்தில் மட்டும் இழுத்துவிட்டு, அது பளபளவென்று நிற்கும்போது தொடாமல், உள்ளே இறங்கி மினுப்பு மங்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு கட்டையை வைத்து ஒரு சாண் நீளத்தில் முன்னும் பின்னுமாக, முதலில் லேசாக. ஆரம்பத்தில் கட்டை இழுத்துப் பிடிக்கும், சரக் சரக்கென்று மந்தமான சத்தம் வரும், ஓரத்தில் பால் வெள்ளையாக ஏதோ திரளும். நிறுத்தாதீர்கள். கொஞ்ச நேரத்தில் கட்டையில் கதகதப்பு ஏறும், வெள்ளை மறையும், ஓரம் ஒரு சாயல் கறுக்கும். அப்போது சத்தம் மாறும். கீச்சென்று மெல்லிய ஒலியோடு கட்டை தானாக வழுக்க ஆரம்பிக்கும். நார் படிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஒரு சாண் முடிந்த பிறகுதான் அடுத்த சாண். மொத்தப் பெல்ட்டுக்கும் ஒரேயடியாகப் பிசின் தடவிவிட்டு ஆரம்பித்தால் கடைசிப் பகுதி கைக்கு வருவதற்குள் காய்ந்துபோயிருக்கும்.

காயவிட்டுப் பார்த்தால் சில இடங்களில் நார் மறுபடி எழுந்திருக்கும். அங்கே மட்டும் 600, மறுபடி பிசின், மறுபடி கட்டை. இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் அடங்கிவிடும். எத்தனை சுற்றுக்கும் அடங்காத இடம் வயிற்றுத் தோலாக இருக்கும், அல்லது யாரோ குரோம் தோலை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

கை வலிக்கிறது என்று டிரில்லில் கட்டையை மாட்டிச் சுற்றவிடுபவர்கள் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். ஈரப் பட்டைத் தோல் எந்தச் சூட்டில் சுருளும் என்று முன்பே சொன்னேன். வேகமாகச் சுழலும் கட்டை அந்தச் சூட்டை நொடியில் எட்டிவிடும். ஓரம் கருகி, கொம்பு மாதிரி இறுகி, முதல் வளைப்பிலேயே விரிசல் விடும். பார்ப்பதற்கு மட்டும் அன்றைக்கு ஜோராக மின்னும்.

கடைசியில் தேன்மெழுகு. கட்டியை ஓரத்தில் தேய்த்து, ஹேர் டிரையரால் ஒரு சூடு காட்டினால் உருகி உள்ளே இறங்கும். பழைய ஜீன்ஸ் துணியால் வேகமாகத் துடைக்க வேண்டும். தண்ணீரைத் தடுப்பது பிசினைவிட மெழுகுதான் அதிகம், நம் மழைக்காலத்துக்கு இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். வெயிலில் பைக் சீட்டின் மேல் விட்டுவைக்கும் பொருளானால் மெழுகு அளவாக இருக்கட்டும், இளகித் தூசியைப் பிடிக்கும்.

குரோம் தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், இரண்டு வழி. ஒன்று, மடிப்பது. ஓரத்தை ஸ்கைவிங் செய்து அரை மில்லிமீட்டருக்கு மெலித்து, உள்ளே மடித்து ஒட்டித் தைத்துவிட்டால் வெட்டிய முனை வெளியே தெரியவே தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ ஆலைகளில் மேல்தோலுக்கு நாள் முழுக்க நடக்கிற வேலை இது. மெல்லிய குரோம் தோலுக்கு இதைவிட மரியாதையான முடிவு கிடையாது, ஆனால் மெலிக்கும் இயந்திரமோ அசாத்தியக் கைப்பழக்கமோ வேண்டும். இன்னொன்று எட்ஜ் பெயிண்ட். அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சேர்ந்த கெட்டியான பூச்சு.

பெயிண்ட் என்றாலே மட்டம் என்று நினைப்பவனல்ல நான். 1837-இல் பாரிஸில் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த எர்மெஸ் இன்றைக்கும் ஓரத்துக்குத் தேய்ப்பு, சாயம், மெழுகு, சூட்டிரும்பு என்று திரும்பத் திரும்பச் செலவிடும் நேரத்துக்குப் பேர்போனது. மற்ற இத்தாலிய, பிரெஞ்சுப் பைகளில் எட்ஜ் பெயிண்டைக்கூட மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, மறுபடி பூசி என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றியது வருடக்கணக்கில் நிற்கும். நம் கடைத்தெருப் பெல்ட்டில் நடப்பது வேறு. நாரை அமுக்காமல், முதல் பூச்சுக்கான பிரைமரும் போடாமல், ஒரே மொத்தையாக உருளையில் தடவிவிடுகிறார்கள். பூச்சு நாரைப் பிடிக்கவில்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டில் தினமும் வளைகிற இடம் பக்கிள் செருகும் ஓட்டைகளின் பக்கம், அங்கேதான் முதலில் வெடிக்கும். பிறகு ரப்பர் பட்டை மாதிரி நீளமாக உரிந்து வரும். ஒரு பிரபலக் கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பெல்ட்டில் எனக்கே இது நடந்தது. உரித்துப் பார்த்தேன், உள்ளே இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே பழுப்பு அட்டை.

வீட்டில் பெயிண்ட் போடுவதானால் 400 போட்டுத் தூசி துடைத்துவிட்டு, பிரைமர், பிறகு குத்தூசி முனையால் பெயிண்டைத் தொட்டு ஓரத்தின் நடுவில் கோடாக இழுங்கள். தானாகவே இரு பக்கமும் பரவி லேசான முதுகு கட்டி நிற்கும். மேல்பக்கத்துக்கு வழிந்தால் உடனே ஈரத்துணி. காய்ந்ததும் 600, அடுத்த பூச்சு. பூச்சு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நாள் நிற்கும்.

பட்டைத் தோலின் மேல் எட்ஜ் பெயிண்ட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போடலாம், தடையில்லை. ஆனால் மெழுகு ஏறிய ஓரத்தில் அது ஒட்டவே ஒட்டாது, எதைச் செய்யப்போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் போடுவதில்லை. பட்டைத் தோலின் ஓரம் பழசாகப் பழசாகக் கைப்பட்டு இன்னும் கறுத்து இறுகும், அதை எதற்கு மூடுவது?

வீட்டில் பழைய பெல்ட் இருந்து, ஓரம் பஞ்சாகிக் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஈரத்துணியால் அழுக்கைத் துடையுங்கள். தண்ணீர் பட்டதும் ஓரம் கறுத்தால் பட்டைத் தோல், வேலை சுலபம்: 400, கொஞ்சம் தண்ணீர், கரண்டியின் பின்பக்கமோ கண்ணாடிப் புட்டியின் வழவழப்பான பக்கமோ கொண்டு சூடு வரத் தேய்ப்பு, கடைசியில் மெழுகுவர்த்தி. தேன்மெழுகு இல்லாவிட்டால் அதுவே போதும். ஓரத்தில் பெயிண்ட் உரிந்து தொங்கினால் அங்கங்கே ஒட்டுப்போடாமல் முழுக்க உரித்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதி உரிந்த பெயிண்டின் மேல் புதுப் பெயிண்ட் நிற்காது. உரித்த பிறகு நடுவில் அட்டை தெரிந்தால் அந்தப் பெல்ட்டுக்காக உப்புத்தாளைச் செலவழிக்க வேண்டாம், பக்கிளை மட்டும் கழற்றி எடுத்து வையுங்கள். பித்தளையாக இருந்தால் அடுத்த பெல்ட்டுக்கு ஆகும்.